சோடனைக்கு எத்தனை சொல்?



வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் மேற்கே போகிறவர்கள் பூவரசங்குளத்தைக் கடந்து போவார்கள். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் மடுத் திருப்பதிக்குச் செல்லும் யாத்திரிகர் பலருக்கும் இது பழகிய பாதை. குளத்துக்கும் ஊருக்கும் பெயர் கொடுத்த பூவரசு தன்னைத் தானே சோடித்துக்கொள்ளும் மரம். காலையில் மஞ்சளாக மலரும் அதன் பூ, வாடும் வேளையில் சிவந்துவிடும். ஒரே கிளையில் இரண்டு நிறத்துச் சோடனை!

இந்த ஊரிற் பத்தாம் வகுப்பிற் படிக்கும் மாணவி ஒருத்தி, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "எங்கள் ஊர்த் திருநாள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். பிள்ளை எழுதுகிறாள். வீதி சோடிக்கப்பட்டது, பீடம் சோடிக்கப்பட்டது, சொரூபம் சோடிக்கப்பட்டது, விருந்துச் சோறும் சோடிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் அவள் கையில் இருப்பது ஒரே ஆங்கிலச் சொல்: டெக்கரேட். இலக்கணப் பிழை இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. ஆயினும் வாசிக்கிறவருக்கு, ஒரே தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் மேளம் போலிருக்கும்.

அழகுபடுத்துதல் என்ற ஒரு வேலைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பல சொற்களையும், எது எங்கே பொருந்தும் என்பதையும் இன்று படிப்போம். இது பரீட்சைப் புள்ளிக்கு மட்டும் உரிய பாடமன்று என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியிற் காண்பீர்கள். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். பிள்ளைகள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் எழுத்துக்கூட்டலையும் தேடிக் கண்டு கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். தேடி எடுத்த சொல் மறக்காது.

1. தமிழிலிருந்து தொடங்குவோம்

பூவைச் சூடுகிறோம். நகையை அணிகிறோம். பொட்டை இடுகிறோம். மையைத் தீட்டுகிறோம். சந்தனத்தைப் பூசுகிறோம். கோலத்தைப் போடுகிறோம். தோரணத்தைக் கட்டுகிறோம். வாழையை நடுகிறோம். கல்லைப் பதிக்கிறோம். "பொட்டைச் சூடினாள், பூவைத் தீட்டினாள்" என்று யாராவது சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளையும் சிரிக்கும். இந்தச் சட்டத்தை அந்தப் பிள்ளைக்கு யாரும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் படிந்த அறிவு அது.

ஆகவே, அழகு செய்யும் சொல் எதுவாயினும் அது தனியே வராது. எதைக் கொண்டு, எதன்மேல் என்ற இரண்டையும் பார்த்தே சொல் அமையும். தமிழிலே நாம் அறியாமலே கைக்கொள்ளும் இந்த விதிதான் ஆங்கிலத்துக்கும் விதி. விதியை ஏற்கெனவே அறிந்தவர்கள் நீங்கள். சொற்களைத்தான் புதிதாகக் கற்க வேண்டும்.

2. டெக்கரேட்

இது பொதுச் சொல். அறை, மண்டபம், கோயில், வீதி, கேக் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இலத்தீனில் "டெக்குஸ்" என்றால் மாண்பு, அழகு. அதனோடு உறவுடைய வினைக்குத் தகுதல், பொருந்துதல் என்று பொருள். நாம் பேச்சிலே சர்வசாதாரணமாகச் சொல்லும் "டீசென்ட்" என்ற சொல்லும் இதே குடும்பம்தான். டெக்கரேட் என்ற சொல்லின் அடியிலே தகுதியானதைச் செய்தல் என்ற கருத்துக் கிடக்கிறது. தமிழிலும் "ஒப்பனை" என்ற சொல்லின் உள்ளே "ஒப்பு" இருப்பதைக் காண்க.

இச்சொல்லுக்கு வேறு இரண்டு பொருளும் உண்டு. படைவீரருக்கு வீரப் பதக்கம் சூட்டுவதும் டெக்கரேட்தான். "எ டெக்கரேட்டட் சோல்ஜர்" என்றால் பதக்கம் பெற்ற வீரன். பூமாலை போட்ட வீரன் அல்லன். மற்றது, இங்கிலாந்திலே வீட்டைப் பொறுத்தவரை டெக்கரேட் என்பது சுவருக்கு வர்ணம் பூசுவதையும் கடதாசி ஒட்டுவதையும் குறிக்கும். இலண்டனிலிருக்கும் மாமா, "வீ ஆர் டெக்கரேட்டிங் த ஹவுஸ்" என்று எழுதினால், அங்கே கலியாண வீடு என்று எண்ணிவிடாதீர்கள். மாமா பெயின்ற் வாளியும் கையுமாக ஏணியில் நிற்கிறார் என்பதே அதன் பொருள்.

3. "ஆல்" என்ற உருபு செய்யும் வேலை

டெக்கரேட் வரும் வாக்கியங்களிலே நம் பிள்ளைகள் விடும் பிழையொன்று உண்டு. அது தமிழிலிருந்து வருவது. இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்:

பீடம் மலர்களால் சோடிக்கப்பட்டது.
பீடம் இளைஞர்களால் சோடிக்கப்பட்டது.

இரண்டிலும் "ஆல்" தான். முதல் வாக்கியத்தில் அது கருவியைக் காட்டுகிறது. இரண்டாவதிற் செய்தவரைக் காட்டுகிறது. தமிழுக்கு ஒரே உருபு போதும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். கருவிக்கு "வித்", செய்தவருக்கு "பை".

"த ஓல்டர் வாஸ் டெக்கரேட்டட் வித் ஃபிளவர்ஸ் பை த யூத்."

"பை ஃபிளவர்ஸ்" என்று எழுதினால், பூக்களே எழுந்து வந்து பீடத்தைச் சோடித்தன என்றாகிவிடும். இன்று படிக்கும் சொற்கள் பலவற்றுக்கும் இதே விதி. டெக்கரேட் வித், அடோர்ன் வித், கார்னிஷ் வித், ஃபெஸ்டூன் வித் என்று சொல்லையும் அதன் துணையையும் சேர்த்தே மனனஞ் செய்யுங்கள்.

4. அடோர்ன், ஓர்னமென்ட், ஜுவலரி

அடோர்ன் சற்று உயர்ந்த நடைச் சொல். மணமகளுக்கும் ஆலயத்துக்கும் கவிதைக்கும் பொருந்தும். பிறந்த நாட் கேக்குக்குப் பொருந்தாது. இதன் மூலமான "ஓர்னாரே" என்ற இலத்தீன் வினைக்கு முதற் பொருள், வேண்டியவற்றைக் கொடுத்து ஆயத்தப்படுத்துதல். ஒழுங்கு என்று பொருள்படும் சொல்லோடு அதற்கு உறவு. முதலில் ஒழுங்கு, பின்பு அழகு என்று அந்தச் சொல்லே சொல்லித் தருகிறது. குப்பையைக் கூட்டாமற் கோலம் போடுவதில்லை அல்லவா?

ஓர்னமென்ட் அதே வேரிலிருந்து வந்த பெயர்ச்சொல். நம்மவர்கள் தங்க நகைகளை "ஓர்னமென்ட்ஸ்" என்று எழுதுவது வழக்கம். இன்றைய ஆங்கிலத்தில் அச்சொல் பெரும்பாலும் அலுமாரித் தட்டில் வைக்கும் பொம்மை, பூச்சாடி போன்ற அழகுப் பொருட்களையும் நத்தார் மரத்தில் தொங்கவிடும் உருண்டைகளையும் குறிக்கும். நகைகளுக்கு "ஜுவலரி" என்பதே ஏற்றது. அதற்குப் பன்மை இல்லை. பத்துப் பவுண் நகையானாலும் ஒரு சோடித் தோடானாலும் ஜுவலரிதான். கடைசியில் "ஸ்" சேர்க்க வேண்டாம்.

5. திருநாட் சொற்கள்

இனி அந்த மாணவியின் கட்டுரைக்குள் நுழைவோம். வீதியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றுக்கும் உரிய சொல்லைக் கொடுப்போம்.

ஃபெஸ்டூன்: இரண்டு முனையிலும் கட்டி நடுவிலே தொங்க வளைத்து விடும் பூச்சரம், இலைச்சரம், கடதாசிக் கொடி. இத்தாலிய மொழியில் திருநாளைக் குறிக்கும் "ஃபெஸ்தா" என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நம் மாவிலைத் தோரணத்துக்கும் தென்னோலைத் தோரணத்துக்கும் நெருங்கிய ஆங்கிலச் சொல் இதுவே. வினையாகவும் வரும். "த ரோட் வாஸ் ஃபெஸ்டூண்ட் வித் ஃபிளாக்ஸ்" என்றால் வீதி முழுவதும் கொடிச் சரங்கள்.

டெக்: பாட்டிலும் பண்டிகையிலும் வரும் சொல். டச்சு மொழியினருடைய "மூடு" என்ற வினையோடு உறவுடையது. கூரை வேய்வதைக் குறிக்கும் "தாச்" என்ற ஆங்கிலச் சொல்லும் இதற்கு இனம். இங்கே தமிழை நினைத்துப் பாருங்கள். "வேய்தல்" என்றால் கிடுகாலே கூரை வேய்தல். பழந்தமிழில் மாலை சூடுவதும் "வேய்தல்" தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள், கூரையை மூடுவதையும் பூவால் மூடுவதையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன.

கார்லண்ட், ரீத்: இவ்விரண்டையும் மாற்றிவிடாதீர்கள். கழுத்தில் இடும் மாலை கார்லண்ட். வட்டமாகக் கட்டிய மலர்வளையம் ரீத். மேல் நாட்டில் நத்தார்க் காலத்தில் வாசற் கதவில் தொங்குவதும் ரீத். அடக்கச் சடங்கிற் பேழையருகில் வைப்பதும் ரீத். நம் நாட்டிலோ மலர்வளையம் என்றாலே துக்கம்தான் நினைவுக்கு வரும். "ஆயரை ரீத் அணிவித்து வரவேற்றோம்" என்று எழுதிவிட்டால், வரவேற்பு வேறு சடங்காகிவிடும்!

ட்ரிம்: வெட்டுவதும் இதுதான், அழகு செய்வதும் இதுதான். வேலியை ட்ரிம் செய்தால் நறுக்குகிறோம். சட்டைக் கையை லேஸ் வைத்து ட்ரிம் செய்தால் ஓரத்தை அழகுபடுத்துகிறோம். நத்தார் மரத்தைச் சோடிப்பதற்கும் இச்சொல் உண்டு. பழைய ஆங்கிலத்தில் உறுதிப்படுத்து, ஒழுங்குபடுத்து என்பதே இதன் பொருள். வேண்டாததை நீக்குவதும் அழகு செய்தலே என்பதை இந்தச் சொல் மறப்பதில்லை.

டிரெஸ்: பீடத்துக்கு விரிப்பும் பூவும் வைத்து ஆயத்தஞ் செய்தலுக்கு இச்சொல் வரும். கடைக் கண்ணாடிக்குள்ளே பொருட்களை அழகாக அடுக்குவதற்கும் வரும். ஆனால் தாதி ஒருவர் "டிரெஸ் த வூண்ட்" என்று சொன்னால், காயத்தைத் துடைத்து மருந்து கட்டுவதைச் சொல்கிறார். இச்சொல்லின் ஆதிப் பொருள் நேராக்குதல், சீராக்குதல் என்பது. அதனால்தான் உடைக்கும் பீடத்துக்கும் காயத்துக்கும் ஒரே சொல்லாயிற்று.

கிரௌன்: 1924 ஆம் ஆண்டு யூலை 2 ஆம் திகதி மடு மாதாவின் திருச்சொரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் "டெக்கரேட்டட்" என்று எழுதலாகாது. முடி என்பது அலங்காரப் பொருட்களில் ஒன்றன்று. அது ஒரு நிலையை அறிவிப்பது. "த ஸ்டேச்சு வாஸ் கிரௌண்ட் இன் 1924" என்பதே சரி. பொதுச் சொல்லைப் போட்டால் நிகழ்ச்சியின் பொருளே குறைந்துபோகும்.

கார்னிஷ்: இன்று இது அடுப்படிச் சொல். மஞ்சட் சோற்றின் மேல் பொரித்த கஜுவும் முந்திரிகை வற்றலும் தூவுவது கார்னிஷ். தாளிப்பது கார்னிஷ் அன்று. தாளிதம் கறிக்குச் சுவை கொடுக்கிறது. கார்னிஷ் பார்வைக்காக மேலே வைப்பது. முற்காலப் பிரெஞ்சு மொழியில் இதன் பொருள் தேவையான தளபாடங்களைக் கொடுத்தல், அரண் செய்தல் என்று பரந்திருந்தது. உடையைக் குறிக்கும் "கார்மென்ட்" என்ற சொல்லும் அங்கிருந்தே வந்தது.

6. ஒரே வினை, பல வேடம்

மேலே கண்ட சொற்கள் சந்திக்கும் இடமொன்றை இனிக் காட்டுவோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் "கொஸ்மேயோ" என்று ஒரு வினை உண்டு. ஒழுங்குபடுத்துதல், அழகுபடுத்துதல் என்ற இரண்டும் அதன் பொருள். ஒழுங்கோடு அமைந்த உலகத்தைக் குறிக்கும் "கொஸ்மோஸ்" அதன் உறவு. முகப்பூச்சைக் குறிக்கும் "கொஸ்மெட்டிக்" அதன் பேரப்பிள்ளை. அண்டமும் முகப்பவுடரும் ஒரே குடும்பம்!

1611 ஆம் ஆண்டு வெளிவந்த பழைய ஆங்கில வேதாகமத்தார் இந்த ஒரே வினையை இடத்துக்கு இடம் எப்படி மாற்றினார்கள் என்று பாருங்கள். லூக்கா 21 ஆம் அதிகாரத்தில், எருசலேம் தேவாலயம் அழகிய கற்களாற் பொலிவதைச் சொல்லுமிடத்தில் அடோர்ன். திருவெளிப்பாடு 21 ஆம் அதிகாரத்தில் மணமகளுக்கும் அடோர்ன். மத்தேயு 25 ஆம் அதிகாரத்தில் பத்துக் கன்னியர் தங்கள் விளக்குகளைச் சீர்செய்யும்போது ட்ரிம். மத்தேயு 12 ஆம் அதிகாரத்தில், பேய் விட்டுப்போன வீடு வெறுமையாகவும் கூட்டிச் சோடிக்கப்பட்டும் இருக்குமிடத்தில் கார்னிஷ். மத்தேயு 23 ஆம் அதிகாரத்தில் நீதிமான்களுடைய கல்லறைகளைச் சோடிப்பவர்களுக்கும் கார்னிஷ்.

கிரேக்கத்தில் ஒரே சொல். ஆனால் விளக்குக்கு ஒன்று, மணமகளுக்கு ஒன்று, வெறும் வீட்டுக்கு ஒன்று என ஆங்கிலத்தில் மூன்று சொற்கள். நாம் முதலிற் கண்ட விதிப்படியே மொழிபெயர்த்தவர்கள் நடந்திருக்கிறார்கள். சீர்திருத்த சபையாரின் பழைய தமிழ் வேதாகமத்தில், அந்த வெறுமையான வீட்டுக்கு "ஜோடித்தல்" என்ற சொல்லே வந்திருக்கிறது. நாம் நாளாந்தம் பேசும் சோடனைதான் அது.

கவனியுங்கள்: விளக்குக்குள் எண்ணெய் இருந்தது, ஐந்து பேருக்காவது. வீட்டுக்குள் எதுவும் இல்லை. வினை ஒன்றேயானாலும் உள்ளே இருப்பதைப் பொறுத்தே சோடனைக்கு மதிப்பு. இதை மனத்திற் கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

7. சோடனை பொய்யாகும் இடம்

அழகுபடுத்தும் சொற்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் இரண்டாவது முகம் ஒன்று உண்டு. தமிழிலும் உண்டு. புனைதல் என்றால் அழகு செய்தல். இல்லாததைக் கட்டிச் சொல்வதும் புனைதல். சோடித்தல் என்றால் திருநாள். "சோடித்த வழக்கு" என்றால் நீதிமன்றம். "கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறான்" என்ற நம் பேச்சிலும் அதே கருத்து.

எம்பிரோய்டர்: துணியில் நூலாற் பூவேலை செய்தல். ஒருவர் கதையை எம்பிரோய்டர் செய்கிறார் என்றால் உள்ளதோடு சேர்த்துச் சொல்கிறார்.

எம்பெலிஷ்: அழகு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நூலின் அட்டையை எம்பெலிஷ் செய்யலாம். நடந்த சம்பவத்தையும் எம்பெலிஷ் செய்யலாம்.

கில்ட்: மெல்லிய பொற்றகடு ஒட்டுதல், பொன் முலாம் பூசுதல். அழகானதையே மேலும் அழகுபடுத்தப் போய்க் கெடுப்பவரைக் குறித்து, "லில்லி மலருக்குப் பொன் பூசுகிறார்" என்று ஆங்கிலேயர் சொல்வர். ஷேக்ஸ்பியரின் "கிங் ஜோன்" நாடகத்தில் வேறு விதமாக இருந்தது, மக்கள் வாயிலே மருவி இப்படியாயிற்று.

டின்சல்: பளபளக்கும் தாள் இழை. தீப்பொறியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் இதன் மூலம். பொறி போல் மின்னும், சூடு இராது. ஆகவே போலிப் பகட்டுக்கும் இதுவே பெயர்.

வார்னிஷ்: மரத் தளபாடத்துக்குப் பூசுவது. பூச்சில்லாத உண்மையை "அன்வார்னிஷ்ட் ட்ரூத்" என்பர்.

வைட்வொஷ்: சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தல். ஓர் அறிக்கை வைட்வொஷ் எனப்பட்டால், குற்றத்தை மறைக்க எழுதியது என்று பொருள். நாம் "பூசி மெழுகுதல்" என்கிறோம்.

சபோர்ன்: அடோர்ன் என்ற சொல்லின் கூடப் பிறந்தது இது. அதே ஓர்னாரே, முன்னே "கீழே, மறைவாக" என்று பொருள்தரும் சிறு சொல் சேர்ந்திருக்கிறது. மறைவிலே ஆயத்தஞ் செய்து அனுப்புதல், அதாவது பணம் கொடுத்தோ ஆசை காட்டியோ பொய்ச்சாட்சி சொல்ல வைத்தல். மணமகளுக்கு உரிய சொல்லும் பொய்ச்சாட்சிக்கு உரிய சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஃபேப்ரிகேட்: இதன் முதற்பொருள் செய்தல், உருவாக்குதல் என்பதே. தொழிற்சாலையில் இரும்புக் கூரைச் சட்டம் செய்வதும் இதுவே. பேச்சிலும் சாட்சியத்திலும் வரும்போது, இல்லாததை முழுவதுமாகக் கட்டுதல்.

8. ஒரு சொல்லில் தங்கியிருப்பது

எம்பெலிஷ், ஃபேப்ரிகேட் என்ற இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தமிழில் இரண்டையும் "சோடித்தல்" என்றே சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் இவற்றுக்கிடையே ஆற்றின் இரு கரையளவு தூரம் இருக்கிறது. பூவேலை செய்வதற்கு அடியிலே துணி வேண்டும். ஆகவே "இந்தச் சாட்சி எம்பெலிஷ் செய்திருக்கிறார்" என்று சொல்பவர், சம்பவம் நடந்தது, சாட்சி சற்றுக் கூட்டிச் சொல்கிறார் என்று ஒப்புக்கொள்கிறார். "ஃபேப்ரிகேட் செய்திருக்கிறார்" என்று சொல்பவரோ துணியே இல்லை, சம்பவமே நடக்கவில்லை என்கிறார். இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் எம்பெலிஷ்மென்ட் என்ற சொல் அடிக்கடி வருவதைக் காணலாம். சாட்சி மிகைப்படுத்தினார் என்பதற்காக அவர் சொன்ன முழுவதையும் தள்ளிவிடாமல், பதரை நீக்கி மணியை எடுப்பதே முறை என்று அந்த நீதிமன்றம் பல முறை கூறியிருக்கிறது. எம்பெலிஷ் என்றால் மணி மிஞ்சும். ஃபேப்ரிகேட் என்றால் எதுவும் மிஞ்சாது.

இது நமக்குத் தூரத்து விடயமன்று. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின், 2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களிலும் அமர்ந்து மக்களைக் கேட்டது. தாய்மாரும் மனைவிமாரும் தமிழிலே சொன்னார்கள். அறிக்கை 2011 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சொன்னவரின் வாய்க்கும் அறிக்கையின் தாளுக்கும் இடையே மொழிபெயர்ப்பு என்ற பாலம் இருந்தது. எந்த விசாரணைக்கும், எந்த விண்ணப்பத்துக்கும், வெளிநாட்டில் அடைக்கலம் கேட்கும் எந்த மனுவுக்கும் இந்தப் பாலம் உண்டு.

ஒரு தாய் சாட்சியத்தின் முடிவில், "நான் சோடிச்சுச் சொல்லேல்லை ஐயா" என்கிறார் என்று கொள்வோம். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? டெக்கரேட் என்று போட்டால் பொருளே இல்லை. எம்பெலிஷ் செய்யவில்லை என்றால், நடந்ததற்குமேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை என்றாகும். ஃபேப்ரிகேட் செய்யவில்லை என்றால், இது கட்டுக்கதை அன்று என்றாகும். அந்தத் தாயிடம் கேட்ட கேள்வி எது என்பதைப் பார்த்தே மொழிபெயர்ப்பவர் சொல்லைத் தெரிய வேண்டும். தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தால், அந்தத் தாயின் சொல் எடை குறையாமல் மறுகரை சேரும். இன்று பூவரசங்குளத்திற் கொப்பி திறந்து படிக்கும் பிள்ளை, நாளை அப்படியொரு மேசையருகே இருக்கக்கூடும். பெற்றோர்களே, ஆங்கிலப் பாடம் உத்தியோகத்துக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சொல்பவரும் எழுதுபவரும் தாமாகவே சோடனையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். துயரம் பெரிதாயிருக்கும்போது அதைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டியதில்லை. திகதி, இடம், நேரம், கண்ணாற் கண்டது, காதாற் கேட்டது என்று வரிசையாகச் சொன்னால், அதைவிடப் பலமான சாட்சி இல்லை. ஒரு பூவைக் கூடுதலாகத் தைத்தால், அந்த ஒரு பூவைப் பிடித்து இழுத்தே முழுத் துணியையும் கிழித்துவிட எதிர்த்தரப்பில் ஆள் இருக்கும்.

9. எழுதும்போது கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, வாக்கியத்தை முதலிற் சோடனை இல்லாமல் எழுதுங்கள். யார், என்ன செய்தார், எங்கே, எப்போது. அது நேராக நிற்கிறதா என்று பார்த்தபின் வேண்டுமானால் ஒரு பெயரடை சேருங்கள். சுவர் கட்டியபின்பே வர்ணம்.

இரண்டாவது, "வெரி பியூட்டிஃபுல், வெரி வொண்டர்ஃபுல், வெரி கிராண்ட்" என்று அடுக்க வேண்டாம். அவை டின்சல். "வீதியின் இருமருங்கிலும் குலை தள்ளிய வாழைகள் நின்றன" என்று ஒரு காட்சியைச் சொன்னால், அழகு என்ற சொல் இல்லாமலே வாசிப்பவர் அழகைக் காண்பார்.

மூன்றாவது, வேலைக்கான விண்ணப்பத்திலும் வங்கிக் கடிதத்திலும் எம்பெலிஷ் வேண்டாம். சித்தியடைந்த பாடத்தைச் சித்தியடைந்தது என்று எழுதுங்கள். அடையாததை எழுதாமல் விடலாம்; அடைந்ததாக எழுதலாகாது.

10. பயிற்சி

கீழுள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொருத்தமான ஆங்கில வினை எது? வீட்டிலே மூத்தவர் ஒருவர் வாசிக்க, பிள்ளைகள் விடை சொல்லட்டும். விடைகளைப் பாராமல் முயல வேண்டும்.

அ. பந்தலின் நாற்புறமும் கடதாசிக் கொடிகளை வளைத்து வளைத்துக் கட்டினார்கள்.
ஆ. சோற்றின் மேல் அம்மா பொரித்த கஜுவைத் தூவினார்.
இ. தாதி தம்பியின் முழங்காற் காயத்துக்கு மருந்து கட்டினார்.
ஈ. அக்காவின் சட்டை ஓரத்துக்கு லேஸ் வைத்துத் தைத்தார்கள்.
உ. அவர் நடந்ததைத்தான் சொன்னார். ஆனால் இரண்டு பேர் வந்ததை இருபது பேர் என்றார்.
ஊ. அவர் அன்று ஊரிலேயே இல்லை; கண்டதாகச் சொன்னது முழுவதும் கட்டுக்கதை.
எ. நடந்த பிழையை மறைக்கவே அந்த அறிக்கை எழுதப்பட்டது.
ஏ. பணம் கொடுத்துப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தான்.
ஐ. "பீடம் மாணவிகளால் வெண்டாமரைப் பூக்களால் சோடிக்கப்பட்டது." இதில் வரும் இரண்டு "ஆல்" உருபுகளுக்கும் ஆங்கிலத்தில் என்ன?

விடைகள்: அ. ஃபெஸ்டூன். ஆ. கார்னிஷ். இ. டிரெஸ். ஈ. ட்ரிம். உ. எம்பெலிஷ், எம்பிரோய்டர் என்றாலும் சரி. ஊ. ஃபேப்ரிகேட். எ. வைட்வொஷ். ஏ. சபோர்ன். ஐ. மாணவிகளுக்குப் பை, பூக்களுக்கு வித்.

ஒன்பதில் ஏழு சரியானால் நன்று. உ, ஊ இரண்டிலும் தவறியவர்கள் எட்டாம் பகுதியை மறுபடியும் வாசிக்கவும். மற்றச் சொற்களை மாற்றிப் போட்டால் கட்டுரையின் அழகு குறையும், அவ்வளவுதான். அந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒரு மனிதரின் உண்மையே பொய்யாகிவிடும்.